டயாலிசிஸ் எடுப்பவரின் காலில் ரத்த ஓட்டம்: கணுக்கால் அளவு ஏன் ஏமாற்றுகிறது?

குடியாத்தத்திலிருந்தோ ஆற்காட்டிலிருந்தோ வாரம் மூன்று நாள் பஸ் பிடித்து வேலூருக்கு வந்து, நான்கு மணி நேரம் மெஷினில் படுத்துவிட்டுத் திரும்புகிறவர் மற்ற நேரத்தில் அதிகம் நடப்பதில்லை. காலில் ரத்தக்குழாய் அடைத்திருந்தாலும், கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும் வழக்கமான அறிகுறி அவருக்கு வரவே வழியில்லை. சர்க்கரையும் சேர்ந்து பாதம் மரத்திருந்தால் வலியும் தெரியாது. செருப்பு கடித்த கொப்புளம் இரண்டு வாரமாக ஆறவில்லை என்பதுதான் பல சமயம் முதல் செய்தி.

அடிப்படைச் சோதனை எளியது: கணுக்காலின் பிபியைக் கையின் பிபியால் வகுப்பது. நோயாளி பத்து நிமிடம் மட்டமாகப் படுத்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் ரத்தத்தின் எடையும் சேர்ந்து கால் அளவு கூடிவிடும். டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களை இணைத்துவைத்த ஃபிஸ்டுலா உள்ள கையில் கஃப் (பிபி பார்க்கும் பட்டை) கட்டவே கூடாது, அது அடைத்துக்கொள்ளலாம். கணுக்காலுக்குச் சற்று மேலே கஃப் கட்டி, ரத்த ஓட்டத்தை ஓசையாகக் கேட்கவைக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் டாப்ளர் கருவியின் முனையில் தாராளமாக ஜெல் வைத்து, இரண்டு இடத்தில் நாடி தேட வேண்டும்: உட்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஒன்று, புறங்காலில் ஒன்று. முனை 45 முதல் 60 டிகிரி சாய்ந்து, தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். புறங்கால் நாடி எலும்பின் மேலேயே கிடக்கிறது; சற்று அழுத்தினாலும் நசுங்கி ஓசை நின்றுவிடும். புதிதாகக் கற்பவர்கள் 'நாடி இல்லை' என்று எழுதிவிடுவதற்கு இது ஒரு காரணம். ஓசை நின்றபின் இன்னும் 20, 30 மி.மீ. ஏற்றி, நொடிக்கு 2 மி.மீ. வீதம் இறக்கினால், ஓசை திரும்பும் இடம்தான் அளவு. இரண்டு நாடிகளில் கூடியதைக் கையின் அளவால் வகுக்க 1.0 முதல் 1.4 வரை வந்தால் சரி. 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு.

எல்லாம் மெஷினில் போடுவதற்கு முன்பே முடிய வேண்டும். இரண்டு மூன்று லிட்டர் நீர் இறங்கும்போது பிபியும் இறங்கும். கையை ஒரு நேரமும் காலை இன்னொரு நேரமும் அளந்து வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

இனிதான் சிக்கல். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் பாஸ்பரஸ் தேங்குகிறது. ரத்தக்குழாய்ச் சுவரின் நடு அடுக்கில் உள்ள தசைச் செல்கள் எலும்புச் செல்போல நடந்துகொள்ள ஆரம்பித்து, சுவரில் கால்சியம் படிகிறது. பாதத்தை எக்ஸ்ரே எடுத்தால் குழாயின் இரு சுவர்களும் தண்டவாளம்போலத் தெரியும். ரப்பர் குழாயைக் கையால் நெரித்துத் தண்ணீரை நிறுத்தலாம். போர்வெல் பிவிசி பைப்பை நெரிக்க முடியுமா? கஃப் படும் பாடு அதுதான். அது சொல்வது ரத்தத்தின் அழுத்தத்தை மட்டுமல்ல, சுவரின் முரட்டுத்தனத்தையும் சேர்த்து.

கை 150, கணுக்கால் 230 என்றால் விகிதம் 1.53. இதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். ஆபத்து 1.1 என்று வரும் எண்ணில் இருக்கிறது. அடைப்பு அளவைக் கீழே இழுக்க, கால்சியம் மேலே தள்ள, இரண்டும் சேர்ந்து ஆரோக்கியமான எண்ணாக நிற்கும். டயாலிசிஸ் நோயாளியிடம் நல்ல எண்ணைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. டாப்ளர் ஓசையும் துப்புக் கொடுக்கும்: நல்ல குழாயில் ஒவ்வொரு துடிப்பும் இரண்டு மூன்று துண்டாகக் கேட்கும்; அடைப்புக்குக் கீழே ஒற்றையாக, மந்தமாக 'உஸ்ஸ்' என்று இழுக்கும்.

விரல்களின் குழாய்களில் கால்சியம் பொதுவாகக் குறைவு. ஆகவே கால் கட்டைவிரலின் அடியில் 2.5 செ.மீ. அகலக் குட்டிக் கஃப். விரல் நுனிச் சதையில், ரத்தத் துடிப்பைத் திரையில் அலையாகக் காட்டும் ஒளி உணரி. கஃப் ஏறும்போது திரையில் அலை படுத்துவிடும், இறக்கும்போது எந்த இடத்தில் தலைதூக்குகிறதோ அது விரலின் அழுத்தம். மேலே சொன்ன அதே ஆளுக்கு விரலில் 60 என்றால் விகிதம் 0.40. 0.7-க்குக் கீழே போனாலே அடைப்பு. விரலில் 30 மி.மீ.க்கும் கீழே என்றால் புண் தானாக ஆறும் என்று காத்திருக்கக் கூடாது.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் குளிர். வெளியே வேலூர் வெயில் கொளுத்தினாலும் டயாலிசிஸ் அறை ஏசியில் கால் சில்லிட்டு, அலையே எழாது. கம்பளி போர்த்திப் பத்து நிமிடம் பொறுக்கலாம். மரத்த காலில் வெந்நீர்ப் பை மட்டும் வேண்டாம், வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது. கட்டைவிரலை ஏற்கெனவே எடுத்திருந்தால் அடுத்த விரலில் பார்க்கலாம்.

விரல் கருவி இல்லாத இடத்தில் ஒரு மீட்டர் கோல் போதும். படுத்தவரின் காலை நீட்டியபடி மெல்ல உயர்த்தி, பாதத்தின் டாப்ளர் ஓசை எந்த உயரத்தில் மறைகிறது என்று பார்ப்பது. 13 செ.மீ. உயர ரத்தம் 10 மி.மீ. பாதரச அழுத்தத்துக்குச் சமம்; 65 செ.மீ.யில் ஓசை நின்றால் 50. இங்கே நெரிப்பது கஃப் அல்ல, புவியீர்ப்பு. கால்சியத்தால் அதை ஏமாற்ற முடியாது. கால் நீளத்துக்கு மேல் உயர்த்த முடியாது என்பதால் குறைந்த அழுத்தங்களுக்கு மட்டுமே பயன்படும்.

மரத்த காலைப் பற்றி இந்த வட்டாரத்துக்குப் பழைய அனுபவம் உண்டு. 1946-இல் வேலூர் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டும், பிறகு காட்பாடிக்கு அருகே கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் இருந்தவர்களும், தொழுநோயாளியின் பாதப்புண் மாவுக்கட்டும் ஓய்வும் கொடுத்தால் ஆறுவதைக் காட்டினார்கள். அங்கே நரம்புதான் செத்திருக்கும், ரத்தம் பெரும்பாலும் வந்துகொண்டிருக்கும். டயாலிசிஸ் பாதத்தில் இரண்டுமே போயிருக்கலாம். அதே மாவுக்கட்டைப் போடும் முன் விரலின் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.