சங்கன் தளத்தை ரெவிட்டில் வரைவது: வெட்டுக்குழியா, தனித் தளமா?

குளியலறையின் கான்கிரீட் தளத்தைப் பக்கத்து அறையைவிட 300 மி.மீ. இறக்கிப் போடுவது நம் ஊரில் வழக்கம். இதைத்தான் சங்கன் தளம் என்கிறோம். ட்ராப் (நாற்றத்தைத் தடுக்கும் நீர்ப்பூட்டு), 110 மி.மீ. கழிவுக்குழாய், அதன் வாட்டம், மேலே டைல்ஸ் படுகை எல்லாம் அந்த ஆழத்துக்குள் அடங்க வேண்டும். 40-க்கு 1 வாட்டத்தில் 2 மீட்டர் ஓடும் குழாய்க்கே 50 மி.மீ. இறக்கம் போய்விடும்.

ரெவிட் என்ற கட்டட மாடலிங் மென்பொருளில் இதை வரையும்போது பலரும் முதலில் தேடுவது வாய்டு, அதாவது தளத்திலிருந்து வெட்டியெடுக்கும் குழி வடிவம். 125 மி.மீ. தளத்தில் 300 மி.மீ. ஆழ வாய்டு வைத்தால் குழி வராது, அடியில்லாத ஓட்டைதான் வரும். தளத்தின் கனத்துக்குள் அடங்கும் பள்ளத்துக்கே வாய்டு பொருந்தும். 150 மி.மீ. தளத்தில் ஷவர் பகுதிக்காக எடுக்கும் 40 மி.மீ. பள்ளம் அப்படிப்பட்டது. அங்கேயும் மிஞ்சுவது 110 மி.மீ. கான்கிரீட்தான். மாடலில் வைத்த மேல்கம்பிகள் பள்ளத்தைப் பார்த்துத் தானாக வளையாது, நாம்தான் இறக்க வேண்டும்.

சங்கன் தளத்துக்கு வழி வேறு. பெரிய தளத்தைத் தேர்ந்து ‘எடிட் பவுண்டரி’க்குள் போய், குளியலறையின் எல்லையில் மூடிய கோடு வரைந்தால் அந்த இடம் திறந்துகொள்ளும். அதே எல்லையில் இரண்டாவது ஸ்ட்ரக்சுரல் ஃப்ளோரை வரைந்து ‘ஹைட் ஆஃப்செட் ஃப்ரம் லெவல்’ மதிப்பை மைனஸில் கொடுக்க வேண்டும். எத்தனை மைனஸ் என்பதில்தான் தகராறு வரும். லெவல் என்பது டைல்ஸ் மேல்மட்டமாக இருந்து, அறையின் கான்கிரீட் 50 மி.மீ. கீழே இருந்தால், கொடுக்க வேண்டியது -350. ஆர்க்கிடெக்ட் டைல்ஸ் மட்டத்திலிருந்தும் கட்டமைப்புப் பொறியாளர் கான்கிரீட் மட்டத்திலிருந்தும் 300 எண்ணினால், 50 மி.மீ. காணாமல் போய்க் குழாய் டைல்ஸை முட்டும்.

அடுத்து, குளியலறையைச் சுற்றியுள்ள பீம்களின் வழியே ஒரு செக்‌ஷன் வெட்டிப் பாருங்கள். இறக்கம் 300, தளம் 125, கூட்டினால் 425. பீமின் ஆழம் 375 என்றால் சங்கன் தளத்தின் அடிப்பகுதி பீமுக்கும் கீழே தொங்கும். அது உட்கார இடம் இருக்காது. 230 × 450 பீம் என்றால் தளம் முழுவதுமாக அதன் பக்கவாட்டில் இணையும். பிளானில் இந்தக் கோளாறு தெரியாது. பீமையும் தளத்தையும் ‘ஜாயின் ஜியாமெட்ரி’யால் இணைக்கவும் மறக்கக் கூடாது. இணைக்காவிட்டால் ஒன்றின்மேல் ஒன்று விழும் கான்கிரீட் அளவுப் பட்டியலில் இரண்டு முறை ஏறும்.

ஈடேப்ஸ் என்ற கட்டமைப்புப் பகுப்பாய்வு மென்பொருளில் கணக்குப் போடும்போது கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். தளத்தை உண்மையான தாழ்ந்த மட்டத்திலேயே வரைந்தால், அதன் முனைகள் பீமின் முனைகளோடு சேராமல் அந்தரத்தில் நிற்கும். அதே மாடி மட்டத்தில் வரைந்தாலோ, மென்பொருள் இரண்டு தளங்களையும் தொடர்ச்சியாக எடுத்துக்கொள்ளும். சைட்டில் அறைத் தளத்தின் மேல்கம்பி மட்டம் இறங்கும் படியோடு நின்றுவிடும், மறுபக்கம் நேராகப் போகாது. தொடர்ச்சி இருப்பதாக எண்ணிய கணக்கு, நடுத்தளத்தில் வளைவிசையை (பெண்டிங் மொமென்ட்) குறைத்துக் காட்டும்; அடிக்கம்பி போதாமல் போகும். ஆகவே மாடி மட்டத்தில் தனிப் பேனலாக வரைந்து, படி உள்ள விளிம்புகளில் ‘எட்ஜ் ரிலீஸ்’ (விளிம்பு வழியே வளைவிசை கடக்காதபடி விடுவிப்பது) கொடுப்பதே சரி. கையால் சரிபார்ப்பவர்கள் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இல், தளத்தின் வளைவிசைக் குணகங்களைத் தரும் அட்டவணை 26-இல் அந்த விளிம்பைத் தொடர்ச்சியற்றதாக எடுக்க வேண்டும். பக்கத்து அறையின் தளத்துக்கும் இது பொருந்தும்.

இறக்கிய பள்ளத்தை நிரப்பும் பொருளின் சுமையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். செங்கல் ஜல்லி நிரப்பு கன மீட்டருக்குச் சுமார் 18 கிலோநியூட்டன் என்றால், 300 மி.மீ.க்குச் சதுர மீட்டருக்கு 5.4 வரும். 125 மி.மீ. தளத்தின் சொந்த எடையே 3.1 தான்! 2.4 × 1.5 மீட்டர் குளியலறையில் நிரப்பு மட்டும் ஏறக்குறைய 2 டன். கன மீட்டருக்கு 8 கிலோநியூட்டன் எடையுள்ள நுரைக் கான்கிரீட் போட்டால் 5.4 என்பது 2.4 ஆகும்.

ட்ராப்பை நோக்கிய வாட்டத்தைக் கான்கிரீட் தளத்தில் கொடுக்காமல், மேலே தனியாக வரையும் டைல்ஸ் ஃப்ளோரில் ‘மாடிஃபை சப் எலிமென்ட்ஸ்’ மூலம் கொடுக்கலாம். 100-க்கு 1 என்றால் 2.4 மீட்டருக்கு 24 மி.மீ. அந்த ஃப்ளோரின் சாந்து அடுக்குக்கு ‘வேரியபிள்’ டிக் செய்தால் மேற்பரப்பு மட்டும் சரியும். செய்யாவிட்டால் அடிப்பரப்பும் சேர்ந்தே சரிந்து, நிரப்புக்குள் புதையும்.