மரக்கன்று இலவசம்: ஆடு, மாடு வைத்திருப்பவர்கள் எதைக் கேட்டு வாங்குவது?

சாமை, கேழ்வரகு, கொள்ளு விதைத்துக்கொண்டு நாலைந்து ஆடும் வைத்திருக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி மானாவாரி விவசாயிகளுக்குப் பொருத்தமான திட்டம் ஒன்று இருக்கிறது. பெயர் ‘நீடித்த பசுமைப் போர்வை இயக்கம்’. 2021-22இல் தமிழக அரசு தொடங்கியது. ஆனால் தேக்கு நடுகிறவர்களுக்கான திட்டம் இது என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்கத் தேவையில்லை.

வனத்துறை நாற்றங்காலில் வளர்த்த கன்றுகளை வேளாண்மைத் துறை இலவசமாகத் தருகிறது. வரப்பில் மட்டும் நடுவதென்றால் ஏக்கருக்கு 50 கன்று, நிலம் முழுவதும் நடுவதென்றால் 160. இரண்டாம் ஆண்டிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு, பிழைத்திருக்கும் கன்று ஒவ்வொன்றுக்கும் வருடம் 7 ரூபாய் ஊக்கத்தொகை. வரப்பில் நட்ட 50 கன்றும் பிழைத்தால் வருடத்துக்கு 350 ரூபாய். இந்தப் பணத்தைக் கணக்குப் பார்த்து யாரும் மரம் வைக்க முடியாது. கன்றை எந்த மரமாகக் கேட்டு வாங்குகிறோம், எங்கே வைக்கிறோம் என்பதில்தான் லாபம் இருக்கிறது.

ஓரிரண்டு ஏக்கர்தான் இருக்கிறது, பயிரும் வேண்டும் என்றால் வரப்பு நடவையே கேளுங்கள். 160 கன்று என்றால் 5 மீட்டருக்கு ஒன்று. நாலைந்து வருடத்தில் நிழல் கூடிச் சாமை கதிர் பிடிக்காது. சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 250 மீட்டர், 50 கன்றும் வரப்பிலேயே அடங்கிவிடும். ஆனால் பக்கத்து நிலத்துக்காரரோடு பொதுவாக உள்ள வரப்பில் வைக்காதீர்கள். நிழலும் வேரும் அவர் பயிரைத் தொட்டால் சண்டைதான். சில அடி உள்ளே தள்ளி வையுங்கள்.

ஐம்பதும் தேக்காக வேண்டாம். ஆடு தேக்கிலையைத் தொடாது. மாசி, பங்குனியில் காடு காய்ந்து கிடக்கும்போது ஆட்டைக் காப்பாற்றுவது வேம்பு, பூவரசு போன்ற மரங்களின் தழைதான். நாற்றங்காலில் இருப்பு என்ன என்று கேட்டு, பாதியாவது இப்படிப்பட்டதாக வாங்குங்கள். கிளைரிசிடியா என்ற தீவன மரத்துக்குக் கன்றுகூட வேண்டாம், மழைக்காலத்தில் போத்து (கிளைத்துண்டு) வெட்டி ஊன்றினால் துளிர்த்துவிடும். சூபாபுல் (சவுண்டல்) தழையை மட்டும் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடக்கூடாது, அதில் நச்சுப்பொருள் உண்டு.

முதல் இரண்டு வருடம் கன்றுக்குப் பெரிய எதிரி நம் ஆடேதான். நுனியைக் கடித்துவிட்டால் கன்று குட்டையாகக் கிளைத்து நின்றுவிடும். நாலு குச்சி நட்டு, வேலமுள்ளைச் சுற்றிக் கட்டுங்கள். நுனி ஆட்டுக்கு எட்டாத உயரம் போகும்வரை அது இருக்கட்டும். இதைச் செய்யாமல் ஊக்கத்தொகைக்குக் கணக்கெடுக்க வரும்போது கன்றைத் தேடிப் பயனில்லை.

விண்ணப்பிக்க உழவன் செயலியில் பதியலாம், வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு நேரிலும் போகலாம். ஆதார், சிட்டா, வங்கிப் புத்தகம் வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் முதலில் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். 5 ஏக்கருக்குள் இருப்பவர்கள் சிறு, குறு விவசாயி சான்றும் வாங்கி வைத்தால், சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் கேட்கவும் உதவும்.

ஆடு, மாடு, கோழி வாங்க ஒருங்கிணைந்த பண்ணையத் திட்டம் தனியாக உண்டு. அதில் பெரும்பாலும் பின்னேற்பு மானியம்தான்: முதலில் நாம் செலவழிக்க வேண்டும், பிறகுதான் பணம் கணக்கில் ஏறும். ரசீதைத் தொலைக்காதீர்கள். கடன் வாங்கிச் செலவழிக்கும் முன், இந்த வருடம் உங்கள் வட்டாரத்துக்கு ஒதுக்கீடு இருக்கிறதா என்று உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

சந்தனம், செம்மரம் கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டா நிலத்தில் தாராளமாக வளர்க்கலாம். ஆனால் வனத்துறை அனுமதியில்லாமல் வெட்டவோ கொண்டுபோகவோ முடியாது. பட்டா நிலச் சந்தனத்துக்கென்று 2008ஆம் ஆண்டின் தனி விதிகளே இருக்கின்றன. எந்த மரமானாலும் நட்டதை அடங்கலில் (கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் பயிர்க் கணக்கு) பதியச் சொல்லுங்கள், வெட்டும் காலத்தில் உங்கள் மரம் என்று காட்ட ஆவணம் இருக்கும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு பக்கம் காட்டை ஒட்டி நிலம் இருந்தால் பலா வேண்டாம், யானை வரும்.

உங்கள் மண்ணுக்கு எந்த மரம், ஊடே எந்தப் பயிர் என்று கேட்கத் தருமபுரிக்காரர்களுக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையமும், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பையூர் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. மழைக்கு முன்பே போய்க் கேட்டு, குழியும் எடுத்து வைத்துவிட்டால், கன்று வந்த அன்றே நட்டுவிடலாம்.