காது பாதி, மனம் மீதி: பாடல் வரிகள் நமக்கு எப்படிப் புரிகின்றன?

1964-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் தலைமைச் சட்ட அதிகாரி ராபர்ட் கென்னடிக்குப் பெற்றோரிடமிருந்து புகார் வந்தது. 'கிங்ஸ்மென்' என்ற இளைஞர் இசைக்குழு முந்தைய ஆண்டு வெளியிட்ட 'லூயி லூயி' என்ற பாடலில் ஆபாச வரிகள் ஒளிந்திருக்கின்றன என்பது குற்றச்சாட்டு. விசாரணையை எஃப்.பி.ஐ. எடுத்துக்கொண்டது. அதன் ஆய்வகம் இசைத்தட்டை வெவ்வேறு வேகங்களில் சுழலவிட்டுக் கேட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்த விசாரணையின் முடிவு இதுதான்: எந்த வேகத்தில் ஓட்டினாலும் வரிகள் விளங்கவில்லை.

புகார் செய்தவர்களுக்கோ அவை தெளிவாக விளங்கின. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த நாட்களில் 'உண்மையான வரிகள்' என்ற பெயரில் தட்டச்சுத் தாள்கள் மாணவர்களிடையே கைமாறிக்கொண்டிருந்தன. தாளைப் படித்துவிட்டுப் பாட்டைப் போட்டால், தாளில் இருந்ததே காதிலும் விழும். இந்த விசாரணையைப் பலரும் வேடிக்கைக் கதையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது கேட்டல் என்னும் செயலுக்குள் நுழைய வாய்த்த நல்ல வாசலாகவே தெரிகிறது.

பேச்சை விடப் பாட்டு தெளிவு குறைந்தது. அதற்குப் பாடுபவரின் கவனக்குறைவு மட்டும் காரணமில்லை, பாதிக்குமேல் இயற்பியல். தொண்டையில் பிறக்கும் ஒலியை வாயும் தொண்டைக்குழியும் சேர்ந்து சில அதிர்வெண்களில் மட்டும் உயர்த்திக் கொடுக்கின்றன. அந்த உயர்வுகள் எங்கே விழுகின்றன என்பதை வைத்துத்தான் இது 'இ', இது 'ஆ' என்று பிரித்தறிகிறோம். 'இ' என்னும்போது முதல் உயர்வு ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸில் இருக்கும். 'ஆ' என்னும்போது 700, 800 வரை போகும். பெண் குரல் உச்சத்தில் 1,000 ஹெர்ட்ஸைத் தொடும்போது குரலின் சுருதியே இந்த இரண்டையும் தாண்டிவிடுகிறது. 300 ஹெர்ட்ஸில் உயர்த்திக் கொடுக்க அங்கே ஒலி என்று ஒன்றுமே இருப்பதில்லை. போதாக்குறைக்கு, உச்சத்தில் குரல் எடுபட வேண்டுமென்று பாடுபவர் வாயையும் அகலத் திறக்கிறார். 'இ', 'எ', 'ஆ' எல்லாம் ஒரே முகத்தோடு வந்து நிற்கின்றன. மெய்யெழுத்துகளின் கதி இன்னும் மோசம். 'க்', 'ட்', 'ப்' போன்றவை கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகவே ஒலிப்பவை. தாளக் கருவியின் ஓர் அடி அவற்றை விழுங்கிவிடும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. நமக்குக் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும்: கல், கால், மனம், மானம், படம், பாடம். மெட்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. நீட்ட வேண்டிய இடம் வந்தால் குறிலையும் நீட்டிவிடும். எழுத்துகள் இசையோடு சேரும்போது தமக்குரிய மாத்திரையைக் கடந்து நீளும் என்பதைத் தொல்காப்பியமே குறித்து வைத்திருக்கிறது. ஒலியை இத்தனை நுட்பமாகக் கவனித்த காதுகள் அவை! அப்படியானால் நீண்டு வரும் 'மா...னம்' மனமா, மானமா என்பதைக் கேட்பவர் எப்படி முடிவு செய்கிறார்? முன்பின் சொற்களை வைத்துத்தான். காது பாதியைத் தருகிறது; மீதியை மனம் நிரப்புகிறது.

இந்த நிரப்பும் வேலை எவ்வளவு நேர்த்தியானது என்பதை 1970-இல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர் காட்டினார். பதிவு செய்த ஒரு வாக்கியத்தில், ஒரு சொல்லின் நடுவிலிருந்த ஓர் ஒலியை முழுவதுமாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமல் சத்தத்தை வைத்தார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். மிச்சமிருந்த ஒருவர் தவறான ஒலியைச் சுட்டினார். இல்லாத ஒலியை ஊகித்ததாக அவர்கள் உணரவே இல்லை. காதால் கேட்டதாகவே உணர்ந்தார்கள். நிரப்பிய இடம் எது, கேட்ட இடம் எது என்ற தடயத்தை மூளை நமக்குக் காட்டுவதில்லை.

எதிர்பார்ப்பை வெளியிலிருந்து ஊட்டினால் என்ன ஆகும்? 1985-இல் வோக்கி, ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து எழுதினார்கள். இசைத்தட்டுகளைப் பின்னோக்கி ஓட்டினால் தீய செய்திகள் கேட்கின்றன என்ற அச்சம் அமெரிக்காவில் பரவியிருந்த காலம் அது. பின்னோக்கி ஓடும் பேச்சிலிருந்து கேட்பவர்களால் எந்தப் பொருளையும் எடுக்க முடியவில்லை. இன்ன சொற்றொடர் வருகிறது, கவனியுங்கள் என்று முன்கூட்டிச் சொன்னதும், அது பலருக்கும் கேட்டுவிட்டது. லூயி லூயியின் தட்டச்சுத் தாள் செய்த வேலை இதுதான்.

அடுத்தது சொற்களைப் பிரிப்பது. அச்சில் சொற்களுக்கு நடுவே வெற்றிடம் இருக்கிறது, ஒலியில் இல்லை. எங்கே வெட்டுவது என்பது கேட்பவர் பொறுப்பு. சில்வியா ரைட் என்ற அமெரிக்க எழுத்தாளர் சிறுமியாக இருந்தபோது, அவருடைய தாய் ஒரு ஸ்காட்லாந்துக் கதைப்பாடலைப் படித்துக் காட்டுவாராம். பிரபுவைக் கொன்று 'பசும்புல்லில் கிடத்தினார்கள்' என்பது அதன் வரி; ஆங்கிலத்தில் 'லெய்ட் ஹிம் ஆன் த கிரீன்'. சிறுமியின் காது அதை வேறு இடத்தில் வெட்டி, பிரபுவோடு 'லேடி மாண்டகிரீன்' என்ற சீமாட்டியும் மாண்டுபோனாள் என்று கேட்டது. 1954-இல் அவர் இதைப் பற்றி எழுதிய பிறகு, தவறாகக் கேட்கப்படும் வரிகளுக்கே 'மாண்டகிரீன்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. நம் இலக்கணம் இதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே 'பொதுமொழி' என்று ஒரு வகையை வைத்தது. சேர்த்தால் தாமரை, பிரித்தால் தாவும் மரை என்ற மான். சேர்த்தால் வேங்கை, பிரித்தால் வேகும் கை. பிரிமொழிச் சிலேடை பாடிய புலவர்கள் இந்த இரட்டை வெட்டையே கலையாக்கினார்கள். சிறுமியின் காது தற்செயலாகச் செய்ததைப் புலவர் திட்டமிட்டுச் செய்தார். இரண்டுக்கும் அடியில் இயங்குவது ஒரே பொறி.

சொற்கள் சரியாகவே கேட்டுவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பொருள் கைக்கு வந்துவிடுவதில்லை. இங்கே மெட்டு குறுக்கே வருகிறது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் 10 வாக்கியங்களை 10 மெட்டுகளோடு மாற்றி மாற்றி இணைத்து 100 சிறு பாடல்களை உருவாக்கினார்கள். ஒலியின் நேர நுட்பத்தைச் சிதைத்தபோது கேட்பவர்கள் சொற்களைத் தவறவிட்டார்கள், மெட்டு தப்பித்தது. அதிர்வெண் நுட்பத்தைச் சிதைத்தபோது மெட்டு கலைந்தது, சொற்கள் தப்பித்தன. சொற்களைப் பிரித்தறிவதில் மூளையின் இடப்பக்கச் செவிப்புலப் பகுதியும், மெட்டைப் பிரித்தறிவதில் வலப்பக்கமும் முன்னிற்பதை ஸ்கேன் படங்கள் காட்டின. ஒரே குரல் உள்ளே போனதும் இரண்டு வழியில் பிரிகிறது. இரண்டும் நமக்கு ஒரே செய்தியைத்தான் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை.

அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1984-இல் பாடிய 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.' ('அமெரிக்காவில் பிறந்தவன்') இந்தப் பிரிவின் சான்று. வியட்நாம் போரிலிருந்து திரும்பி வேலை கிடைக்காமல் அலையும் ஒருவனின் கசப்பைச் சரணங்கள் சொல்கின்றன. பல்லவியோ முழங்குகிறது; அதைப் பலர் தேசப் பெருமைப் பாடலாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டின் தேர்தல் பிரசாரத்தில் அதிபர் ரீகனே நம்பிக்கைச் செய்தி தரும் பாடல்கள் என்று ஸ்பிரிங்ஸ்டீனைப் புகழ்ந்தார். கேட்டவர்களை அறியாமையில் மூழ்கியவர்கள் என்று பழிப்பது எளிது, ஆனால் நியாயமில்லை. பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது, முழங்கும் மெட்டில் வருகிறது, கூடிப் பாட ஏற்றதாக வருகிறது. சரணம் ஒருமுறை வந்து போய்விடுகிறது. நினைவில் தங்குவது பல்லவிதான். அதிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் சொல் மெல்ல மெல்லப் பொருளை இழந்து ஒலியாகவே மிஞ்சுகிறது. பேச்சு வாக்கியம் ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட்டினால், எந்த இசையும் சேர்க்காமலேயே அது பாட்டுப்போலக் கேட்கத் தொடங்கும் என்பதை 1995-இல் டயானா டாய்ட்ஷ் என்ற உளவியலாளர் கண்டறிந்தார்.

இத்தனைக்கும் மேலே, பாடல்கள் வேண்டுமென்றே சில இடங்களைக் காலியாக விடுகின்றன. அவற்றில் பெரியது 'நீ'. அந்த 'நீ' யார் என்று பெரும்பாலான பாடல்கள் சொல்வதே இல்லை. தமிழில் 'நான்', 'நீ' இரண்டுக்கும் ஆண்பால் பெண்பால் வேறுபாடு கிடையாது; 'வருகிறேன்', 'வருகிறாய்' என்ற வினைமுற்றுகளும் அதைக் காட்டுவதில்லை. 'உன்னைத் தேடி வருகிறேன்' என்ற வரியைக் காதலனும் பாடலாம், தாயும் பாடலாம், பக்தரும் பாடலாம். காலியாக விட்ட இடத்தில் கேட்பவர் தம் வாழ்க்கையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து அமர்த்துகிறார். ஒரே பாட்டுக்கு இரண்டு பேர் அழுவார்கள்; இருவர் அழுவதும் வெவ்வேறு மனிதர்களுக்காக இருக்கும். பாட்டு உயிரோடு இருப்பதற்கு இதுவே காரணம் என்று நான் நம்புகிறேன்.

அப்படியானால் யார் எதைச் சொன்னாலும் சரியா? இல்லை. கேட்பவரின் உரிமைக்கு வரிகளே எல்லை. 1983-இல் 'தி போலீஸ்' குழு பாடிய 'எவ்ரி பிரெத் யூ டேக்' திருமணங்களில் காதல் பாடலாக ஒலிக்கிறது. உன் ஒவ்வோர் அடியையும் கவனித்துக்கொண்டிருப்பேன் என்று சொல்லும் அந்தப் பாட்டு, உடைமை வெறியும் கண்காணிப்பும் பற்றியது என்று அதை எழுதிய ஸ்டிங் பலமுறை விளக்கியிருக்கிறார். அவர் விளக்காவிட்டாலும் வரிகளே அதைச் சொல்கின்றன. இதமான மெட்டு அவற்றை மூடி வைத்திருக்கிறது. எந்த விளக்கம் பாடலின் அதிக வரிகளோடு பொருந்துகிறதோ, எது சங்கடமான வரியையும் ஒதுக்காமல் கணக்கில் எடுக்கிறதோ, அதுவே வலுவான விளக்கம். நீங்கள் நேசிக்கும் ஒரு பாட்டின் வரிகளை மெட்டில்லாமல், பேசும் குரலில், சரணங்கள் உட்பட ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பல ஆண்டுகளாகத் தெரியும் என்று நினைத்த பாட்டு புதிதாக வந்து நிற்கும்.

லூயி லூயியை எழுதிய ரிச்சர்ட் பெர்ரி, கிங்ஸ்மென் பதிவுக்கு 6 ஆண்டுகள் முன்பே, 1957-இல், அதைத் தம் குரலில் தெளிவாகப் பாடி வெளியிட்டிருந்தார். லூயி என்பவரிடம் ஒரு மாலுமி பேசுகிறான். தனக்காக ஒரு பெண் காத்திருக்கிறாள், மூன்று இரவும் மூன்று பகலும் கடலில் போக வேண்டும், அவளையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், நான் கிளம்புகிறேன் என்கிறான்.