16 மணி நேரம் பட்டினி சரி, மீதி 8 மணி நேரம் என்ன சாப்பிடுறீங்க?

போன மாசம் ஒருத்தர் ஸ்கேன் ரிப்போர்ட்டோட வந்தாரு, 40 வயசு இருக்கும், ஆறு மாசமா இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங், அதான் 8 மணி நேரத்துக்குள்ள மட்டும் சாப்பிட்டு மீதி 16 மணி நேரம் விரதம் இருக்கேன் டாக்டர், ஆனா லிவர்ல கொழுப்பு சேர்ந்த ஃபேட்டி லிவர் அப்படியே இருக்கு, மெஷின்ல ஏதும் கோளாறான்னு கேக்குறாரு. விரதம் முடிச்சதும் என்ன சாப்பிடுவீங்கன்னு கேட்டேன். மத்தியானம் 12 மணிக்கு பிரியாணி, சாயங்காலம் சர்க்கரை தூக்கலா ரெண்டு டீ, கூட பஜ்ஜி, அப்புறம் 8 மணிக்குள்ள முடிக்கணுமேன்னு ஏழே முக்காலுக்கு அவசர அவசரமா நாலு புரோட்டா. கடிகாரத்த மட்டும் கரெக்டா பாத்திருக்காரு மனுஷன்!

லிவர் நம்ம வீட்டு அரிசி டிரம் மாதிரி. சாப்பாட்டுல மிஞ்சுற சர்க்கரைய கிளைகோஜன்ங்கற சேமிப்பு சர்க்கரையா மாத்தி சுமாரா 100 கிராம் வரைக்கும் சேத்து வச்சுக்கும், ராத்திரி நாம தூங்குறப்போ ரத்தத்துல சர்க்கரை இறங்காம இருக்க அதுலேந்துதான் அள்ளி விடுது. 12 மணி நேரம் தாண்டும்போது டிரம் நல்லாவே காலியாகும், அப்ப உடம்புல கிடக்குற கொழுப்பு கரைஞ்சு லிவருக்கு வந்து கீட்டோன்ங்கற மாத்து எரிபொருளா மாறும், இன்சுலின் இறங்கி இருக்கறதால லிவர் புதுசா கொழுப்பு செய்யறதும் குறையும். இதெல்லாம் நிஜம். ஆனா டிரம்மும் நிறைஞ்சு அதுக்கு மேலயும் மாவும் சக்கரையும் வந்து கொட்டுச்சுன்னா லிவர் அத கொழுப்பா மாத்தி தனக்குள்ளயே சேத்து வச்சுக்கும், 16 மணி நேரம் கரைச்சத 8 மணி நேரத்துல திருப்பி வச்சாச்சு.

16 மணி நேரத்துல லிவர் தன்னத்தானே கழுவிக்கும், ஆட்டோபேஜி (செல் தன்னோட பழைய பாகங்கள தானே உடைச்சு திரும்ப பயன்படுத்திக்கறது), நோபல் பரிசுன்னு வீடியோ போடுறாங்க. ஜப்பான் விஞ்ஞானி ஓசுமிக்கு 2016ல பரிசு கிடைச்சது வாஸ்தவம், ஆனா அது எப்படி நடக்குதுன்னு அவரு கண்டுபிடிச்சது ஈஸ்ட்டுல. உங்க லிவர்ல அது எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுதுன்னு பாக்க எந்த லேப்லயும் டெஸ்ட் கிடையாது.

சீனாவுல குவாங்சோவுல ஃபேட்டி லிவர் இருந்த 88 பேர ஒரு வருஷம் பாத்தாங்க. பாதி பேருக்கு காலைல 8லேந்து சாயங்காலம் 4 வரைக்கும்தான் சாப்பாடு, மீதி பேருக்கு நேரக் கட்டுப்பாடு இல்ல, ஆனா கலோரி அளவு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். 2023ல ரிசல்ட் வந்துச்சு, லிவர் கொழுப்பு ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குறைஞ்சிருந்துச்சு. அதனால எடை 7லேந்து 10 சதவீதம் இறங்குனா லிவர் தேறும், அதுக்கு நேரம் பாத்து சாப்பிடுறது உங்களுக்கு வசதியா இருந்தா தாராளமா இருங்க. என்ன, வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல வேகமா இறங்குனா பித்தப்பைல கல்லு வரலாம்.

எனக்கு பயமெல்லாம் வேற ஆளுங்க மேலதான். சிரோசிஸ் வந்த ஒரு பெரியவர, லிவருக்கு ரெஸ்ட் குடுக்கலாம்னு வாட்ஸப்ல பாத்துட்டு மகன் சாயங்காலம் 6 மணியோட சாப்பாட்ட நிறுத்திட்டாரு. அப்பா மேல உள்ள பாசத்துலதான். ஆனா தழும்பாகி சுருங்குன லிவர்ல கிளைகோஜன் வைக்க இடம் ரொம்பவே கம்மி, நல்லா இருக்கவங்க ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தா என்ன ஆகுமோ அது இவங்களுக்கு ஒரே ராத்திரில ஆயிடும், உடம்பு தசைய உடைச்சு சர்க்கரை செய்ய ஆரம்பிச்சிரும். லிவர் சரிபண்ணாம விட்டுட்ட அமோனியாங்கற நச்சுக் கழிவ ஓரளவு சமாளிக்கறதே தசைதான், அதுவும் கரைஞ்சா அமோனியா ஏறி ஆளு குழம்பிப்போக வாய்ப்பு அதிகம். பெரியவர் கன்னம் ஒட்டி, தோள்பட்டை எலும்பு துருத்திக்கிட்டு வந்தாரு.

சுகருக்கு கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ போடுறவங்களும் டோஸ மாத்தாம பட்டினி கிடந்தா லோ சுகர்ல மயங்கிரலாம், அதனால விரதம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மாத்திரை அட்டையெல்லாம் எடுத்துட்டு உங்க டாக்டர போய் பாத்துருங்க.

புரோட்டாக்காரர் டைம மாத்தல, தட்டத்தான் மாத்தியிருக்காரு, மூணு மாசம் கழிச்சு ஸ்கேன் எடுக்கப் போறோம். பெரியவருக்கு இப்ப படுக்கறதுக்கு முன்னாடி 10 மணிக்கு சத்துமாவுக் கஞ்சி, மகனே அலாரம் வச்சு எழுந்து காய்ச்சிக் குடுக்குறாரு.