பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது?

சம்பா அறுவடை நேரத்தில் மழை விட்டிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் டெல்டாவில் பட்டம் பார்த்து விதைத்தார்கள். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் கொட்டிய மழை அந்த நம்பிக்கையைக் கெடுத்தது. கதிர் சாய்ந்து முளைவிட்டது. இப்படிப் பருவம் தப்பும் காலத்துக்கென்று இருப்பது, 2016-ல் வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம்.

காப்பீட்டுத் தொகையில் காரிஃப் (மழைக்காலப் பருவம்) உணவுப் பயிர்களுக்கு 2 சதவீதம், ராபிக்கு (குளிர்காலப் பருவம்) 1.5, வணிக, தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5 சதவீதம் வரை விவசாயி கட்ட வேண்டும். மீதி பிரீமியம் அரசுகளின் பங்கு. ராபியில் வரும் சம்பாவுக்கு ஏக்கருக்கு 36,000 ரூபாய் காப்பீடு என்று வைத்தால், கட்டுவது 540 ரூபாய். குத்தகைக்காரர்களும் சேரலாம். 2020 முதல் கடன் வாங்கியவர்களுக்கும் இது கட்டாயமில்லை.

சரி, இழப்பீடு? பெரும்பாலும் உங்கள் வயலைப் பார்த்துக் கொடுப்பதில்லை. வருவாய் கிராமம் அல்லது பிர்க்காவில் (பல வருவாய் கிராமங்கள் சேர்ந்த பகுதி) சில வயல்களை அறுத்து எடைபோட்டு, அதன் சராசரியை ‘உத்தரவாத மகசூலோடு’ ஒப்பிடுவார்கள். கடந்த 7 ஆண்டுகளில் நன்றாக விளைந்த 5 ஆண்டுகளின் சராசரியில் 70, 80 அல்லது 90 சதவீதம்தான் உத்தரவாத மகசூல். சராசரி 2,500 கிலோ, விகிதம் 80 என்றால் உத்தரவாதம் 2,000 கிலோ. இந்த ஆண்டு 1,500 கிலோ கிடைத்தால் குறைவு 25 சதவீதம்; ஏக்கருக்கு 9,000 ரூபாய் வரும்.

வில்லங்கம் இங்கேதான். மோசமான 2 ஆண்டுகளைக் கழித்துவிடுகிறார்கள், நல்லதுதான். ஆனால் 7-ல் 4 ஆண்டு மழை ஏமாற்றினால்? சராசரி 2,000 ஆக இறங்கும், உத்தரவாதம் 1,600 ஆகும். அதே 1,500 கிலோவுக்கு இப்போது 2,250 ரூபாய்தான். அடிக்கடி அடிபடும் ஊருக்குப் பாதுகாப்பு குறைந்துகொண்டே போகிறது. பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க இந்த விதி போதாது என்பது என் எண்ணம்.

தனி வயலைப் பார்த்துத் தரும் இழப்பீடும் உண்டு. அறுத்துக் காயப்போட்ட கதிர் 14 நாளுக்குள் புயலிலோ பருவம் தப்பிய மழையிலோ கெட்டால் கோரலாம். 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணுக்கோ வங்கிக்கோ வேளாண் அலுவலருக்கோ சொல்லியாக வேண்டும். பதிவின்போது அடங்கலில் (கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்று) உள்ள சர்வே எண்ணும் ரசீதில் உள்ளதும் ஒன்றா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.