இருட்டு எண்ணெயில் இருக்கிறது

நார்வே ஓவியர் ஒட் நெர்ட்ரம் 1944இல் பிறந்தவர். ஆனால் வரைவதெல்லாம் 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் காலத்துப் பாணியில்தான். தோலாடை போர்த்திய மனிதர்கள் பொட்டல்வெளியில் அந்தி நேரத்தில் நிற்பார்கள். முகத்தில் ஒரு பாதி தணல், மறு பாதி கும்மிருட்டு. ஆள் யார் என்பதைவிட, எதைக் குறிக்கிறார் என்று யோசிக்கவைக்கும் உருவப்படங்கள். 1980களில் அவர் தானே கலந்த எண்ணெயில் வரைந்த சில படங்கள், பிற்பாடு சூட்டில் இளகி வழிய ஆரம்பித்தன. கைத்திறனில் குறையில்லை. எண்ணெய்தான் இறுகவில்லை.

எண்ணெய் வண்ணம் ‘காய்கிறது’ என்று சொல்வதே கொஞ்சம் ஏமாற்று. துணி காய்ந்தால் தண்ணீர் வெளியே போகிறது. ஓவியர்கள் நிறமியைக் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் காயும்போதோ காற்றிலிருந்து ஆக்சிஜன் உள்ளே வருகிறது. அதனால் முதல் சில நாட்களில் படலத்தின் எடை கூடவே செய்யும். இந்த எண்ணெயில் ஏறக்குறைய பாதி, லினோலெனிக் அமிலம். அதன் ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்று இரட்டைப் பிணைப்புகள். ஆக்சிஜன் நுழைவதற்கு அவைதான் வாசல். நுழைந்ததும் அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வலையாகிவிடும். வலையான பிறகு சூடு பட்டாலும் உருகாது.

தேங்காய் எண்ணெயில் இந்த வாசல்கள் சொற்பம். அதில் வண்ணம் குழைத்தால் வருடக்கணக்கில் விரலில் ஒட்டும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனில் படிந்த மஞ்சள் பிசுக்கைச் சுரண்டிப் பார்த்திருக்கிறீர்களா? சூரியகாந்தி எண்ணெய் அரைகுறையாக ஓவிய வண்ணமாகியிருக்கிறது, அவ்வளவுதான். சோப்புக்கு மசியாதது அதனால்தான்.

இந்த வினையில் வெப்பமும் வெளிப்படும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம்.

சரி, இருட்டுக்கு வருவோம். வெளிர்நிற வேட்டியில் தண்ணீர் சிந்தினால் அந்த இடம் மட்டும் கறுத்துத் தெரியும். சாயம் எதுவும் ஏறவில்லை. நூலிழைகளுக்கு நடுவே இருந்த காற்றின் இடத்தில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதன் அளவுதான் ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது 1, இழைக்குச் சுமார் 1.5. வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஒளி சிதறி வெளுப்பாகத் தெரியும். குறைந்தால் ஒளி உள்ளே இறங்கிவிடும். தண்ணீர் 1.33, ஆளிவிதை எண்ணெய் 1.48. அதனால்தான் சாக்பீஸ் தூளை எண்ணெயில் குழைத்தால் அதன் வெண்மை காணாமல் போய், ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கிற பட்டி போல மங்கிவிடுகிறது.

ரெம்பிராண்ட் காலத்து ஐரோப்பியப் பாணியான பரோக்கில் வரைந்த ஓவியர்களின் மொத்த வித்தையும் இதில்தான் இருக்கிறது என்பேன். நிழலுக்கு, ஒளியை விழுங்கும் மெல்லிய, ஊடுருவும் பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக. நெற்றிக்கும் மூக்கு நுனிக்கும் ஈய வெள்ளை, தடிமனாக. அதன் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 2. எண்ணெயில் மூழ்கினாலும் ஒளியைத் திருப்பி அடிக்கும். ரெம்பிராண்ட் அப்பிய இடங்கள் புடைத்தே நிற்கின்றன. 2019இல் அந்தப் புடைப்புகளை எக்ஸ்-கதிரில் ஆராய்ந்தபோது பிளம்போநாக்ரைட் என்ற அரிய ஈயச் சேர்மம் அகப்பட்டது. எண்ணெயில் அவர் ஈய ஆக்சைடைச் சேர்த்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஈயம் எண்ணெயைச் சீக்கிரம் இறுகவும் வைக்கும்.

ஈயம் நஞ்சு என்பதால் இன்று பெரும்பாலும் டைட்டானியம் வெள்ளைதான். எண் 2.7, மூடும் திறன் அபாரம். ஆனால் எண்ணெய் இறுகுவதற்கு அது உதவாது, நிறத்திலும் ஒரு சில்லிட்ட தன்மை. பரோக் பாணியைப் பிடிக்க நினைக்கும் இன்றைய ஓவியருக்கு இது நிஜமான தலைவலி. அந்தக் காலப் படங்களில் மரணத்தை நினைவூட்டும் மண்டை ஓட்டையும் அணைந்த மெழுகுவத்தியையும் படத்தில் வைப்பது சுலபம். அந்தக் கன்னத்து வெளிச்சத்தைக் கொண்டுவருவதுதான் கஷ்டம்.

இறுகிய பிறகும் எண்ணெய் சும்மா இருப்பதில்லை. வருடங்கள் போகப் போக அதன் ஒளிவிலகல் எண் மெல்ல ஏறும், நிறமிக்கும் எண்ணெய்க்கும் இடையிலான வித்தியாசம் குறையும், மேல்பூச்சு கண்ணாடியாகும். மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில், 17ஆம் நூற்றாண்டு ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கஸ் வரைந்த நான்காம் பிலிப் மன்னர் குதிரைமேல் இருக்கிறார். குதிரையின் பின்னங்கால்களை வெலாஸ்கஸ் ஒருமுறை மாற்றி வரைந்து, பழையவற்றைப் பூசி மறைத்தார். இப்போது அந்தப் பழைய கால்களும் தெரிகின்றன.