டிக்கெட் கணக்கில் வராத 11 வருடம்

அப்ரைசல் மாதம் வந்தால் எங்களைப் போன்ற ஐடி கம்பெனி டெலிவரி மேனேஜர்கள் கையில் ஒரு எக்செல் இருக்கும். யார் எத்தனை டிக்கெட் (பதிவாகி வரும் ஒவ்வொரு வேலையும் ஒரு டிக்கெட்) முடித்தார், எத்தனை நாளில் முடித்தார் என்று. மேனேஜர்கள் கூடி ஆட்களை ஒப்பிடும் கேலிப்ரேஷன் மீட்டிங்கில் அதை வைத்துத்தான் ரேட்டிங். சில வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் ஒருவருக்குச் 'சராசரி' போட்டேன்.

ஒரே காப்பீட்டு ப்ராஜெக்டில் 11 வருடம் இருந்தவர். 9 பேர் டீமில் டிக்கெட் எண்ணிக்கையில் அவர்தான் கடைசி. "சம்பளம் மட்டும் அதிகமா இருக்கே" என்றார் மீட்டிங்கில் ஒருவர். என்னிடம் பதில் இல்லை. ரேட்டிங் வந்த மறுவாரமே அவர் பேப்பர் போட்டுவிட்டார்.

90 நாள் நோட்டீஸில் ஒழுங்காகக் கேடி, அதாவது தெரிந்த வேலையை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது, முடித்துவிட்டுத்தான் போனார். அந்த மாதக் கடைசி இரவு, வந்த பணத்தையெல்லாம் மொத்தமாகக் கணக்கில் ஏற்றும் பேட்ச் ஓடியது; விடிந்தால் பல வாடிக்கையாளர்களுக்குப் பிரீமியம் வரவே இல்லை என்று காட்டியது. வங்கியிலிருந்து வரும் கோப்பு மாதத்தின் கடைசி நாளில் மட்டும் இரண்டு முறை வருமாம். முதலில் வருவதில் பாதிதான் இருக்குமாம். கோப்பின் அளவைப் பார்த்து, முதலாவதை ஓரமாக நகர்த்திவிட்டு, இரண்டாவது வந்தபின் பேட்சை விடுவது அவர் வழக்கம். ஐந்து நிமிட வேலை, டிக்கெட் கிடையாது. கேடியில் சொல்ல அவருக்கே தோன்றியிருக்காது. வாசல் தெளிப்பதை யாராவது எழுதி வைப்பார்களா?

பிறகு பழைய டிக்கெட்டுகளின் கமெண்ட்டுகளை எடுத்துப் படித்தேன். எங்கள் டீமிலேயே வேகமான பையன் முடித்தவற்றில் பலவற்றில் ஒரே வரி: 'அக்காவிடம் கேட்டுச் சரிசெய்தேன்.' அக்கா என்றால் அவர்தான். டிக்கெட் அவன் கணக்கில்.

ஒரு நல்ல புரோகிராமர் பத்துப் பேருக்குச் சமம் என்ற பேச்சுக்கு அடிக்கடி காட்டப்படும் ஆதாரம் 1968-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. அனுபவமுள்ள 12 பேரிடம் ஒரே கணக்கைக் கொடுத்தபோது, பிழைநீக்கும் நேரத்தில் 28 மடங்கு வரை வித்தியாசம் இருந்தது. ஆனால் அது தனித்தனியாக உட்கார்ந்து போட்ட கணக்கு. பக்கத்து சீட்டுக்காரர் வந்து சந்தேகம் கேட்கும் வேலை அதில் இல்லை. ஆட்களை வரிசைப்படுத்தும் முறையை மைக்ரோசாஃப்டே 2013-இல் கைவிட்டது. நாம்தான் மேலே இத்தனை பேர், கீழே இத்தனை பேர் என்று முன்பே பிரித்துவைக்கும் பெல் கர்வை இன்னும் விடமாட்டோம் என்கிறோம்.

நெடுநாள் இருப்பதே திறமை என்று நான் சொல்லவில்லை. தெரிந்ததை மூட்டை கட்டி மேலே உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. அவர்கள் பெயர் யாருடைய கமெண்ட்டிலும் வராது. வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும்.

அதனால் இப்போது கேலிப்ரேஷனுக்கு முன் ஜூனியர்களிடம் ஒன்று கேட்கிறேன்: "மாட்டிக்கிட்டா யார்கிட்ட போவ?" ஒரே இடத்தில் பல வருடம் இருப்பவர்களிடம், டிக்கெட் இல்லாத ஐந்து நிமிட வேலைகளையும் செல்ஃப் அப்ரைசல் படிவத்தில் எழுதச் சொல்கிறேன். போன வருடம் ஒருவர் 17 எழுதிக் கொடுத்தார். அதில் 6 எனக்கே தெரியாதவை.